மெக்சிக்கோவில் இருவருக்கு ஒரு கிழமை

ரண்டர்ஸ் நகரத்துப் பன்றித் தொழிற்சாலையில் கோணேசனுக்கு வாய்த்த வேலை, ஆய்வாளர் தலையாட்டிய பன்றியின் தொடையில் நீல முத்திரை குத்துவது. நாளொன்றுக்கு எண்ணூறு பன்றி. அந்தக் கணக்கில் பார்த்தால், ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில் டென்மார்க்கிலேயே அதிகம் அனுமதி வழங்கிய தமிழன் அவன்தான். அவன் அனுமதித்த பன்றிகள் கப்பலேறி யப்பான் வரைக்கும் போயின. அவனைக் கட்டின தங்கராணி மட்டும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், கட்டிய பெட்டியை அவிழ்க்காமல், பதினொரு மாதமாகக் காத்திருந்தாள்.

சட்டத்தில் பிழையில்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் மனைவியைக் கூப்பிடலாம் என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். விண்ணப்பக் கோவையைத் திறப்பதற்குத்தான் கோபன்ஹேகன் குடிவரவுக் கந்தோரில் ஆள் இல்லை. பின்னாளில் இதை விசாரித்து ஆயிரக்கணக்கில் பக்கம் எழுதினார்கள். ‘தமிழர் வழக்கு’ என்று பெயர் வைத்தார்கள். ஓர் அரசாங்கமே கவிழ்ந்தது. அதெல்லாம் பிறகு நடந்தது. அப்போது அதற்குப் பெயர் ஒன்றும் இல்லை. டெலிபோன் எடுத்தால் ஒரு பெண், தேனில் தோய்த்த குரலில், “உங்கள் கோவை வரிசையில் இருக்கிறது” என்பாள். வரிசை என்றால் நகரும் என்று நம்பியிருந்த மனிதன் கோணேசன். திருகோணமலையில் சங்கக்கடை அரிசி வரிசைகூட நகர்ந்ததைத் தன் கண்ணால் கண்டவன்.

இப்படியிருக்கையில்தான் அவனுடைய கடிதப் பெட்டிக்குள் தென்னைமரம் போட்ட ஓர் உறை வந்து விழுந்தது.

‘அன்புக்குரிய கோணேசன் குடும்பத்தாரே’ என்று தொடங்கியது கடிதம். கோணேசன் அந்த இடத்திலேயே சற்று நின்றான். டென்மார்க்கில் கால் வைத்த நாளிலிருந்து அவனை ஒருவரும் குடும்பம் என்று சொன்னதில்லை. மிச்சத்தை அகராதி வைத்து வாசித்தான். மெக்சிக்கோ தேசத்தில், கடற்கரையில், ஒரு கிழமை, ஏழு நாள், இலவசமாகத் தங்கலாம். அதற்கு அவன் செய்ய வேண்டியதெல்லாம் வருகிற சனிக்கிழமை ஸ்டேசனடி ஹோட்டலுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் ஒரு விளக்கவுரை கேட்பது. மத்தியானச் சாப்பாடும் உண்டு. அடியில் தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை: கணவன் மனைவி இருவரும் நேரில் வரவேண்டும்.

டென்மார்க்குக்குள் மனைவி வரமுடியாது. மெக்சிக்கோவுக்குள் மனைவி இல்லாமல் போகமுடியாது. கோணேசன் இதை ஒரு முழுப் பகல், ஏறக்குறைய எண்ணூறு பன்றி அளவுக்கு, யோசித்தான். தன்னிடம் அகதிக் கடவுச்சீட்டு இருக்கிறது; அவள் கொழும்பிலிருந்து அந்தப் பக்கமாக வரட்டும்; ஒரு கிழமையாவது முகத்தைப் பார்க்கலாம். கொழும்புக்கும் ரண்டர்ஸுக்கும் நடுவில் மெக்சிக்கோ இல்லைத்தான். இலவசத்துக்கு நடுவழி பார்க்க முடியுமா?

மேல்மாடியில் அந்தோனிதாசனும் மனைவி மேரிகிறேசும் இருந்தார்கள். மேரிகிறேஸ் கதவு சாத்தப்படுவதற்கு மூன்று மாதம் முந்தி வந்து சேர்ந்த அதிர்ஷ்டசாலி. கோணேசன் படியேறிப் போய், தேத்தண்ணி குடித்து, பனியைப் பற்றிக் கதைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

“மச்சான், சனிக்கிழமை ஒரு ரண்டு மணித்தியாலத்துக்கு உன்ர மனிசியைத் தருவியோ?”

அந்தோனிதாசன் கோப்பையை மேசையில் வைத்தான். “என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?”

கோணேசன் கடிதத்தை நீட்டினான். அந்தோனிதாசன் தென்னைமரத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

“சாப்பாடு எண்டு போட்டிருக்கு. என்ன சாப்பாடு?” என்று மேரிகிறேஸ் கேட்டாள்.

“மீனா இருக்கும்.”

“அப்ப நான் போறன்,” என்றாள் அவள். “இந்த மனிசன் என்னை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறேல்லை.”

சனிக்கிழமை ஹோட்டலில் அவர்களை வரவேற்றவன் பெயர் ப்ரெபென். பெப்ரவரி மாதத்தில் பொரித்த கோழி நிறத்தில் இருந்த ஒரே டென்மார்க்காரன். கோணேசனை ஒரு தரமும் மேரிகிறேசை மூன்று தரமும் கைகுலுக்கினான். சுவரில் படம் ஓடியது: வெள்ளை மணல், நீலக் கடல், கையில் இளநீரோடு ஒரு கிழவனும் கிழவியும். பிறகு வியாபாரத்தை விளக்கினான். ஒரே அறையை ஐம்பத்திரண்டு குடும்பத்துக்கு விற்பது, வருசத்தில் ஆளுக்கு ஒரு கிழமை, தொண்ணூற்றொன்பது வருசத்துக்குச் சொந்தம், பிள்ளைகளுக்கும் எழுதிவைக்கலாம்.

“ஒரு வளவுக் காணியை அம்பத்திரண்டு பேருக்கு எழுதினா எங்கட ஊரில வெட்டுக்குத்து நடக்கும்,” என்று மேரிகிறேஸ் மீனை முறித்துக்கொண்டே தமிழில் சொன்னாள். “இவங்கள் அதுக்குப் படமும் ஓட்டிச் சாப்பாடும் தாறாங்கள்.”

“நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து போன விடுமுறை எது?” என்று ப்ரெபென் கேட்டான்.

கோணேசனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தங்கராணியோடு போன பயணத்தையே சொன்னான். “எண்பத்தாறில். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு. பஸ்ஸில். தரையில் படுத்தபடி.”

“சாகசப் பயணம்!” என்று ப்ரெபென் குறித்துக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பது வருசத்தைக் கோணேசன் வாங்கவில்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “அங்கே போனால், என் மனைவி உள்ளே வரலாமா என்று யாரும் கேட்பார்களா?”

ப்ரெபென் சிரித்தான். “ஏன் கேட்கவேண்டும்? உங்கள் மனைவி அல்லவா?”

இரண்டு வருசத்தில் கோணேசனோடு நியாயமாகக் கதைத்த ஒரேயொரு டென்மார்க்காரன், பார்த்தால் கள்ளன் மாதிரி இருந்தான்.

இலவசக் கிழமைக்கான பத்திரத்தில் ப்ரெபென் அழகாக எழுதினான்: திரு கோணேசன், திருமதி தங்கராணி, இருவரும் இன்ன திகதி ரண்டர்ஸ் நகரில் நேரில் சமுகமளித்தார்கள். கோணேசன் கையெழுத்து வைத்தான். மேரிகிறேஸ் தங்கராணியின் பெயரை எழுதி, அடியில் தன் பங்குக்கு ஒரு கொடியும் பூவும் போட்டாள். ப்ரெபென் தங்க நிறத்தில் ஓர் உள்ளங்கை அகல முத்திரை குத்தினான்.

பத்திரம் கிடைத்ததே தவிர மெக்சிக்கோ கிடைக்கவில்லை. விமானச்சீட்டு இலவசத்துக்குள் அடங்காது என்று பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னவர் ஞானசுந்தரம் அண்ணை. மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் இருபத்தாறு வருசம் கிளார்க்காக இருந்தவர். ரண்டர்ஸ் தமிழருடைய விண்ணப்பங்கள் எல்லாம் அவருடைய குண்டு எழுத்தில்தான் போகும்.

அவர் தங்க முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதை ஏன் தம்பி வீட்டில வைச்சிருக்கிறாய்? கோவையோட அனுப்பு.”

“இது ஏன் அண்ணை அவங்களுக்கு?”

“கந்தோர்க்காரனுக்கு என்ன வேணும் எண்டு உனக்குத் தெரியாது. கோவை பாரமா இருக்கவேணும். மெலிஞ்ச கோவையை ஆரும் திரும்பிப் பாரான். பிறப்புப் பத்திரம் குடுத்தாய், கலியாணப் படம் குடுத்தாய், கோயில் ஐயற்ற கடிதம் குடுத்தாய். அதில ஒண்டிலயாவது இந்த அளவில முத்திரை இருந்ததோ?”

அது சரிதான். முத்திரை குத்திய எந்தப் பேப்பரையும் கைவிடாத சனம் நாங்கள். குடை திருத்தின ரசீதில் முத்திரை இருந்தாலும் அதையும் பிரதியெடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, விண்ணப்பத்தோடு இணைப்போம். கோணேசன் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினான். மனைவிக்கு ஒரு கடலோர அறை தயாராக உண்டு என்று ஞானசுந்தரம் அண்ணை மேலதிகமாக ஒரு பந்தியும் எழுதிச் சேர்த்தார்.

பதினொரு மாதமாக அசையாத கந்தோர் பதினெட்டு நாளில் அசைந்தது. சனிக்கிழமை காலை இரண்டு பொலிஸ்காரர் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்தார்கள். டென்மார்க் பொலிஸ் நாகரிகமானது.

“உங்கள் மனைவி எங்கே?” என்று பெரியவர் கேட்டார்.

“அதைத்தான் உங்களிடம் மாதாமாதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,” என்றான் கோணேசன்.

அவர் பிரதியை நீட்டினார். திருமதி தங்கராணி ரண்டர்ஸில் நேரில் சமுகமளித்து, மீன் சாப்பிட்டு, பூப்போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார். அப்படியானால் அவர் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் இருக்கிறார். இருக்கிறவரை எப்படிக் கூப்பிடுவது?

சின்னவர் கட்டிலுக்குக் கீழே பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். உள்ளே பெண்கள் அணியும் குளிர்க்கோட்டு ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று, முப்பத்தேழாம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி. எல்லாம் போன மாரியில், அவள் எந்த நேரமும் வந்துவிடலாம் என்று, மலிவு விற்பனையில் வாங்கி வைத்தவை.

“இவை யாருடையவை?”

“மனைவியுடையவை.”

“அப்போ மனைவி?”

“இங்கே இல்லை.”

சின்னவர் கோட்டை மாத்திரம் நெடுநேரம் பார்த்தார். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

கோணேசனுக்கு இரண்டு பக்கமும் இடி. உண்மையைச் சொன்னால் மேரிகிறேஸ் கள்ளக் கையெழுத்துக்காரி. சொல்லாவிட்டால் தங்கராணி கள்ளமாய் வந்தவள். விண்ணப்பம் அந்தரத்தில் போகும். இருக்கிற மனைவியைக் கொண்டுவர ஒரு வருசமாகத் தவம் செய்த மனிதன் இப்போது இல்லாத மனைவி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். “வெள்ளவத்தைக்கு ஆள் அனுப்பிப் பாருங்கள்,” என்று மட்டும் சொன்னான்.

அனுப்பினார்கள்! கோபன்ஹேகனிலிருந்து அவசரத் தந்தி பறந்தது. பதினொரு மாதமாகத் தங்கராணியை வாசல் காவலாளியோடேயே திருப்பியனுப்பிய டென்மார்க்கின் கொழும்புக் கந்தோர், லொட்ஜ் வாசலுக்குக் கார் அனுப்பியது. குளிர்பதன அறையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மூன்று மணித்தியாலம் விசாரித்தது.

அன்று பின்னேரமே தங்கராணி டெலிபோன் எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ. ஆரவள்?”

“எவள்?”

“பூப்போட்டுக் கையெழுத்து வைச்சவள். அந்தத் துரை பேப்பரைக் காட்டி, இது உம்மட கையெழுத்தோ எண்டு கேட்டவர். இல்லை எண்டன். அப்ப ஆற்ற எண்டு கேட்டவர். அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சொல்லுங்கோ, ஆரவள்?”

“அது எங்கட மேல்வீட்டு மேரிகிறேஸ். மெக்சிக்கோவுக்காக…”

“மெக்சிக்கோவுக்கோ? அவளோடயோ?”

“இல்லை, உம்மோட. உம்மை அங்க கூப்பிடத்தான் அவவைக் கூட்டிக்கொண்டு போனனான்.”

உண்மைக்கு ஒரு குறைபாடு உண்டு. சொல்லும்போது பொய் மாதிரியே இருக்கும். கோணேசன் மேலும் விளக்க விளக்க மேலும் தாழ்ந்தான். கடைசியில் அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை.

கந்தோர்க் கடிதம் வந்தது. தங்கராணி டென்மார்க்கில் இல்லை என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளதாம். யார் கையெழுத்து என்று அவர்கள் கேட்கவில்லை. அது வேறு பிரிவு. ஆனால் இதற்காகக் கோவையைத் திறந்தாகிவிட்டது, நேர்முக விசாரணையும் முடிந்துவிட்டது. படுத்திருந்த கோவையை எழுப்பாமல் விட ஆயிரம் வழி இருந்தது. எழும்பிய கோவையைத் திரும்பப் படுக்கவைக்க ஒரு வழியும் இருக்கவில்லை. இரண்டு மாதம் அதை மேசைக்கு மேசை தள்ளிப் பார்த்துவிட்டு, வேறு செய்வதறியாமல் அனுமதி குத்தி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அந்த ஹோட்டலுக்கு ஒன்பது தமிழ்க் குடும்பம் போனதாகவும் ஒன்பதிலும் மனைவி ஒரே ஆள் என்றும் ஊரில் கதை. அது பச்சைப் பொய் என்கிறாள் மேரிகிறேஸ். ஆறு தரம்தான் போனாளாம்.

கோணேசனுக்கு இதில் ஒன்றும் ருசிக்கவில்லை. அரசாங்கம் விட்டுவிட்டது, இனி அவள் வருவாளா? அனுமதிப் பத்திரத்தை அனுப்பிப் பத்து நாள் கழித்து டெலிபோன் வந்தது.

“வாறன்,” என்றாள் தங்கராணி. “உங்களைப் பாக்க இல்லை. அவளைப் பாக்க.”

ஆகவே கோணேசன் கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு மேரிகிறேசையும், நீதிக்குச் சாட்சியாக அந்தோனிதாசனையும் கூட்டிக்கொண்டு போனான். தங்கராணி மெலிந்திருந்தாள். கோட்டை நீட்டிக்கொண்டு நின்ற புருசனைத் தாண்டிப் போய், மேரிகிறேசுக்கு முன்னால் நின்று, உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

“நீரோ?”

“நான்தான் அக்கா. மீனுக்காகப் போனனான்.”

“நல்ல மீனோ?”

“உப்பு இல்லை.”

ரயிலில் பெண்கள் இருவரும் ஒரு பக்கம் இருந்தார்கள். ஆண்கள் எதிர்ப்பக்கம், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியள் மாதிரி. ரயிலையே விழுங்கிக்கொண்டு கடல் கடக்கும் கப்பலுக்குள் போய் நின்றதும் எல்லோரும் மேல்தட்டுக்கு ஏறினார்கள். சற்று நேரத்தில் தங்கராணி தனியாக வந்து, கோணேசனின் கையிலிருந்த கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். விலைச்சீட்டைப் பிய்த்து எறிந்தாள்.

“அந்தப் பிள்ளை எல்லாம் சொன்னவ,” என்றாள்.

“கோபம் போயிட்டுதோ?”

“பாதி.”

அவன் துணிந்து இன்னும் கிட்ட நின்றான். “அந்தப் பத்திரம் வருசக் கடைசி வரைக்கும் செல்லும். காசு சேத்துப் போவமோ? அறையிலயிருந்தே கடல் தெரியுமாம்.”

தங்கராணி தண்ணீரைப் பார்க்காமல் திரும்பி நின்றாள்.

“பதினாலு மாசம் அந்த லொட்ஜில யன்னலைத் திறந்தா கடல். காலமையும் கடல், பின்னேரமும் கடல். போறவன் வாறவன் எல்லாம், நல்ல காத்து உங்களுக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போவான். எனக்கு இனி ஆரும் கடல் காட்ட வேண்டாம்.” பிறகு கேட்டாள், “உங்கட அறையில யன்னலைத் திறந்தா என்ன தெரியும்?”

“பண்டித் தொழிற்சாலைச் சுவர்.”

“அது காணும், அதே போதும்,” என்றாள் தங்கராணி. “அங்க போவம்.”