இடப்பக்கம் சாயும் தையல்

மொய்னுதீன் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் அரிசிச் சாக்கு ஒன்று நின்றுகொண்டு வந்தால், உள்ளே இருப்பது அரிசி இல்லை, ஏதோ ஒரு பழைய காரின் ஸ்டியரிங் என்று பதுருன்னிசாவுக்குத் தெரியும். அவர்கள் குடியிருக்கும் முல்லா வீதிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் சாக்கு.

நெல்லித்தோப்பில் அவள் அண்ணன் மொய்னுதீனுக்கு ஒரு கடை இருந்தது. பழைய கார்களின் உள்வேலை செய்யும் கடை. ஸ்டியரிங்கில் விழுந்த விரிசலை எபாக்ஸிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பான். டேஷ்போர்டு மரத்துக்கு வார்னிஷ் ஏற்றுவான். கறுத்துப்போன குரோமியப் பட்டைகளை முகம் பார்த்துச் சவரம் செய்கிற அளவுக்குப் பளபளக்க வைப்பான். அதெல்லாம் அவன் கைவேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் அந்தச் சந்துக் கடையைத் தேடிக்கொண்டு வந்தது அதற்காக இல்லை. ஸ்டியரிங் வளையத்துக்குத் தோல் உறை போட்டு உள்பக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருப்பான் பாருங்கள், பாய் கை கை இல்லை, மிஷின் என்பார்கள். மொய்னுதீனும் தாடியைத் தடவிக்கொண்டு, எல்லாம் அல்லாஹ் குடுத்தது என்பான். அல்லாஹ் குடுத்தது சரி, யாருக்குக் குடுத்தான் என்பதைத்தான் சொல்லமாட்டான்.

தைத்தவள் பதுருன்னிசா. அதுவும் இடது கையால்.

அந்தக் கைக்கு அந்த வீட்டில் நல்ல பேர் கிடையாது. சின்னப் பிள்ளையில் சோற்றில் அந்தக் கை போனால் அம்மா ஒரு பழைய தாவணியால் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போடுவாள். காவலுக்கு அண்ணன். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக்கொண்டு, அந்தக் கை அசைந்தால் ஒரு அடி. "அது ஷைத்தான் கை. சோத்துக் கையால எடுடி" என்பான். அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை, அதிகாரம் முளைத்துவிட்டது. அடி வாங்கி வாங்கி அவள் வலது கையால் சாப்பிடவும் எழுதவும் பழகினாள். ஊசி மட்டும் எப்படியோ இடது கையிலேயே தங்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு மறதியாக அந்தக் கையால் டீ கிளாஸை நீட்டிவிட்டாள் என்று ஒரு இடம் தட்டிப்போனது. அதற்குப் பிறகு வந்த இடங்களும் ஏதேதோ காரணத்தில் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மொய்னுதீன் சொல்கிற காரணம் ஒன்றுதான், அந்த டீ கிளாஸ். இப்போது அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டின் பின்கட்டு அறையில் இருக்கிறாள், தைக்கிறாள்.

போன மாதம் கடற்கரைச் சாலையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்சி வைத்தார்கள். அங்கே ஒரு ஃபியட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்த ஒரு பெண்மணிக்கு, தலையை வெளியே எடுக்க நெடுநேரம் ஆனது. பெயர் சிவசங்கரி. அரியாங்குப்பத்தில் ஆற்றைத் தாண்டினதும் பழைய கார்களுக்கென்றே பெரிய பட்டறை ஒன்று திறக்கப்போகிறாள். பட்டறை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அத்தெலியே என்று பிரெஞ்சில்தான் சொல்லவேண்டும். பட்டறை என்றால் ஒரு கூலி, அத்தெலியே என்றால் வேறு கூலி. அவள் மறுநாளே நெல்லித்தோப்புக் கடைக்கு வந்து, அந்த ஃபியட் ஸ்டியரிங்கைத் தைத்தது யார் என்று கேட்டாள்.

"நான்தான்னு சொல்லிட்டேன்" என்றான் மொய்னுதீன், வீட்டில் கைலியை மாற்றிக்கொண்டே. "வேற என்னாத்த சொல்றது?"

"எதுக்குக் கேட்டாங்களாம்?"

"தையலுக்குன்னு தனி ரூம் போடறாங்களாம். தைக்கற ஆளுக்கு மாசச் சம்பளம். வாசல்ல பேரு எழுதி வெக்கறாங்களாம், இன்னாரோட தையல்னு. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஸ்டியரிங் வருமாம் பதுரு!"

பதுருன்னிசா கையில் இருந்த ஊசியை மெதுவாகத் துணியில் குத்திவைத்தாள். தனி அறை. வெளிச்சமாக ஒரு ஜன்னல் இருக்குமா? காலையில் பஸ் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் களைப்பாகத் திரும்பி வந்து, இன்றைக்கு ரொம்ப வேலை என்று யாரிடமாவது அலுத்துக்கொள்ளவேண்டும். அவளுக்கு அது வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆசையாக எதையும் அவள் கேட்டதில்லை.

"என் தங்கச்சி தெச்சதுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணே? நான் போறேனே."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பதுபோல. "நீயா? அங்க பூரா ஆம்பளைங்க. டிங்கர், பெயின்ட்டர், மெக்கானிக்கு. நம்ம ஜமாத்துல என்னா பேசுவாங்க? எனக்குக் கெடச்சா உனக்குக் கெடச்ச மாதிரிதான். இப்ப அது இல்ல பிரச்சனை." அவன் சாக்கிலிருந்து ஒரு பெரிய வளையத்தை உருவினான். பழைய பெஜோ காரின் ஸ்டியரிங். "இத தெச்சுக் காட்டணுமாம். ஆரம்பத்துலருந்துகூட இல்ல, முடிக்கறப்ப அந்தம்மா பக்கத்துல உக்காந்து பாப்பாங்களாம். வெள்ளிக்கெழம ஜும்மா தொழுக முடிஞ்சதும் கடைக்கு வர்றாங்க. நீ எனக்குக் கத்துக்குடு."

தன் கையை எடுத்து அவன் கையில் மாட்டிவிடச் சொல்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வீட்டில் கோபத்தை வைக்க அவளுக்கென்று இடம் கிடையாது. விழுங்கினாள்.

கற்றுக்கொடுத்தாள். ஈரத் தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து எப்படி எதிரெதிரே ஓட்டுவது, நூலை எந்த அளவுக்கு இறுக்கினால் தோல் சுருங்காது, எல்லாம் சொன்னாள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாய் வரவில்லை. தையல் விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது, அது அவள் கெட்ட காலம். மொய்னுதீனோ நூலைச் சிக்கலாக்கினான், விரலைக் குத்திக்கொண்டான், ஊசி சரியில்லை என்றான், வெளிச்சம் சரியில்லை என்றான். கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான்.

"பூராத்தையும் நீயே தெச்சிரு. கடைசியா ஒரு சாண் மட்டும் விட்டு வையி. அத நான் அந்தம்மா முன்னாடி ஓட்டிக்கறேன். சாணுக்கு என்னா பெருசா தெரிஞ்சிரும்?"

அவள் அப்படியே செய்தாள். தைக்கும்போதே அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. குறுக்குத் தையலில் ஒரு நூல்மேல் ஒரு நூல் விழும். இடது கைக்காரிக்கு மேல்நூல் இடப்பக்கம் சாயும், வலது கைக்காரனுக்கு வலப்பக்கம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான், அவனுக்கே இது தெரியவில்லை. இடது கை என்றாலே அடிக்கவேண்டிய கை என்று வளர்ந்தவனுக்கு, அந்தக் கை ஏதாவது ஒன்றைத் தன் போக்கில் செய்யும் என்று தோன்றவேயில்லை. அவன் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. இந்த ஒன்றில் மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு கார் சத்தமும். பதுருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். மொய்னுதீன் முகம் வெளிறிப்போய் உள்ளே வந்தான். அவன் பின்னால் காட்டன் புடவை கட்டிய சிவசங்கரி, பெஜோ ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்கக்கா" என்று நேராக அவளிடமே வந்தாள். விரலால் வளையத்தைச் சுற்றிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இது வரைக்கும் தையல் ஒரு பக்கமா சாயுது. பாய் என் எதுருல போட்டது வேற பக்கமா சாயுது. இவ்ளோவும் தெச்ச எடதுகைக்காரங்க யாருன்னு கேட்டேன், பாய் திருதிருன்னு முழிச்சாரு, அப்பறம் இங்க கூட்டிட்டு வந்தாரு. நீங்கதானே?"

"நான்தான் மேடம்" என்றாள் பதுருன்னிசா. இவ்வளவு சத்தமாக அவள் அந்த வீட்டில் பேசியதில்லை.

"தெச்சுக் காட்டுங்க."

அண்ணன் போட்ட தையலைப் பிரித்துப்போட்டாள். அதில் ஒரு சுகம் இருந்தது, மறுப்பானேன். இடது கையில் ஊசியை எடுத்தாள். வெளியாள் ஒருவர் முன்னால் அந்தக் கையை ஒளிக்காமல் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. சிவசங்கரி தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் பார்த்தாள். ஒரு சாணும் முடிந்தது. நூல்முனை உள்ளே போய் மறைந்தது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தைத்தவளே தேடினாலும் தெரியாது.

"அடேங்கப்பா! உங்க பேரு என்னக்கா?"

இத்தனை ஸ்டியரிங் தைத்தும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பதுருன்னிசா" என்றாள், முழுசாக, ஒரு எழுத்தும் விடாமல். வாசலில் எழுதும்போது தப்பு வரக்கூடாது இல்லையா. ஜன்னல் இருக்குமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள், நாளைக்குக் கேட்கலாம்.

சிவசங்கரி எழுந்து புடவையைத் தட்டிவிட்டு மொய்னுதீன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இப்டிப் பண்ணிக்கலாம் பாய். அக்கா வீட்லருந்தே தெச்சுக் குடுக்கட்டும். இப்ப எப்டி ஓடுதோ அப்டியே. அங்க ரூம்ல நீங்க உக்காருங்க. நம்ம கஸ்டமருங்களுக்கு ஒரு ஆள் தெரியணும். தாடி, தொப்பி, கையில ஊசி, மூணு தலமொறையா தோல் வேலைன்னு ஒரு கத. வீடியோவுல அதுதான் எடுபடும். போர்டுல உங்க பேரு. சாயறதெல்லாம் என்னை மாதிரி கிறுக்குதான் பாக்கும், வேற எவனும் பாக்கமாட்டான்."

மொய்னுதீன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "மேடம், நான் பயந்தே போயிட்டேன் மேடம்!"

பதுருன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் எழுந்து நின்றாள். "நான் வரேன் மேடம். எனக்கு பஸ்ல வர ஒரு கஷ்டமும் இல்ல. நானே வந்து உக்காந்து தெக்கறேன்."

சிவசங்கரி அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள், பாசமாகத்தான். "உங்களுக்கு எதுக்குக்கா அந்த அலைச்சல்? அங்க தூசி, நாத்தம், பூராவும் ஆம்பளைங்க. அவனுங்க பேசற பேச்ச என்னாலயே கேக்க முடியல. வீட்ல நிம்மதியா தெய்ங்க. பொம்பள கஷ்டம் பொம்பளைக்குத்தானே தெரியும்?"

இதற்கு அண்ணன் ஸ்கேலே தேவலை. அது வலித்தது, அடி என்று தெரிந்தது. இது தடவிக்கொடுத்துக்கொண்டே கொன்றது. பொய் சொல்லி மறைத்தவரைக்கும் ஒரு நம்பிக்கையாவது இருந்தது, உண்மை தெரிந்தால் நியாயம் நடக்கும் என்று. உண்மையும் தெரிந்தாகிவிட்டது. சிவசங்கரி பார்த்தாள், மெச்சினாள், பேரைக் கேட்டாள், போய்விட்டாள்.

திறப்புவிழாவுக்குப் பத்திரிகை அடித்தார்கள். வீடியோவும் எடுத்தார்கள். மொய்னுதீன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, தைத்து முடித்த ஸ்டியரிங்கின்மேல் ஊசியை மேலும் கீழும் ஆட்டினான். போனில் அதை அவளுக்கே காட்டி, "எப்டி இருக்கு?" என்று கேட்டான். நல்லாருக்கு என்றாள்.

திறப்புவிழாவுக்கு முந்தின வாரம் அரிசிச் சாக்கு வந்தது. உள்ளே தந்த நிறத்தில் ஒரு சிட்ரோயன் ஸ்டியரிங், பிரான்சிலிருந்து வந்த வண்டியாம். விழாவில் மேடையில் வைக்கப்போவது இதுதான், நல்லா தெய் என்று சொல்லிவிட்டு மொய்னுதீன் பத்திரிகை வைக்கக் கிளம்பிப்போனான்.

பதுருன்னிசா தோலை நனைத்து இழுத்துப் போட்டாள். ஊசி கோத்தாள். இடது கை தானாக ஊசிக்கு நீண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா செய்வதுபோல அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் புடவையோடு செருகிக்கொண்டாள். வலது கையில் ஊசியை எடுத்தாள். ஒரு கையாலேயே தைத்தாள். வளையத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, நூலைப் பல்லால் இழுத்து. தோல் சுருங்கியது, நூல் கோணியது. ஒவ்வொரு கோணலையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தோல் என்ன பாவம் செய்தது? நிறுத்தவில்லை. கடைசித் துளை வரைக்கும் தைத்து முடித்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மொய்னுதீன் சாக்கை எடுக்க வந்தவன், வழக்கமில்லாமல் ஒரு தரம் வெளியே எடுத்துப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னாடி இது? என்னா பண்ணி வெச்சிருக்க?"

"சோத்துக் கையால தெச்சேன் அண்ணே."

"நாளைக்கு மேடையில வெக்கணும்டி! பிரான்சுக்காரன் வர்றான்! எடது கைக்கு என்னா கேடு வந்துச்சு?"

"அது ஷைத்தான் கையாச்சே. நீதானே ஸ்கேலால அடிச்சு அடிச்சு சொன்ன. எனக்குப் புத்தி லேட்டாத்தான் வந்துச்சு."

அவன் கை ஓங்கினான். ஓங்கின கை பாதியில் நின்றது. எதை அடிப்பது என்று தெரியவில்லை. அந்தக் கைதானே இப்போது அவனுக்கு வேண்டும். "பதுரு, பிரிச்சுட்டு மறுபடி தெய்ம்மா. உன் கால்ல வேணா விழறேன்" என்றான்.

"போர்டுல யாரு பேரு இருக்கோ அவங்க தெக்கட்டும்" என்று சொல்லி, இரண்டு ஊசிகளையும் மெழுகு நூலையும் அவன் முன்னால் தரையில் வைத்தாள். பிறகு எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து அவனுக்கு நாஷ்டா வைத்தாள், வலது கையால்.