வாக்குமூலத்தில் இல்லாத தோடம்பழம்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். இல்லை; இதைச் சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியமும் செய்துவிட்டுச் சொன்னேன்.

கூண்டு என்றது இரண்டு மேசைகளை நெருக்கி வைத்த இடம். சட்ட மாணவர்களுக்கான மாதிரி வழக்குப் போட்டி அது. வழக்கும் பொய், விபத்தும் பொய், காயப்பட்ட பெண்ணும் பொய். இத்தனை பொய்க்கு நடுவே நான் ஒன்றைக் கூட்டினேன். ஒரு பிள்ளையின் வாய்ப்புப் போய்விட்டது.

2

என்னை இதற்குள் இழுத்தவர் பத்மாவதி மிஸ். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டில் இருக்கிறார், சட்டம் படிப்பிக்கிறார். சாட்சியாக நடிக்கவிருந்தவருக்குக் காய்ச்சல்.

"நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. வடைக்கடைக்காரரா வந்து நிண்டு, தாளில இருக்கிறதைச் சொல்லிப்போட்டு இறங்குங்கோ. ஒண்டும் கூட்டக்கூடாது."

"நான் ஏன் மிஸ் கூட்டப்போறன்?"

"தண்ணி மோட்டர் பழுதானதை நீங்கள் மாடிக் கூட்டத்தில சொன்ன விதம் எனக்கு மறக்கேல்ல."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'முச்சக்கர வண்டி கொழும்பு, காலி வீதியில் வேகமாக வந்தது. பாதசாரிக் கடவையில் நின்ற பெண்ணை மோதியது. வேறு எதையும் நான் காணவில்லை.'

(கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். காணாததைக் கண்டதாகச் சொல்லியே பெயரெடுக்க முயல்கிற ஒருவனிடம் கொடுக்கிற வாக்கியமா அது?)

3

லவினாவை அறிமுகப்படுத்த வேண்டும். என்னைச் சாட்சியாக அழைத்தது அவளுடைய அணிதான்.

'கொட்டாஞ்சேனைத் தேவாலய மணியோசையில் கண்விழித்த லவினா—'

[இல்லை. அவள் கண்விழிப்பது பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டி, அதாவது திறீவீல், ஸ்டார்ட் எடுக்க மறுக்கிற சத்தத்தில். அவளே சொன்னது.]

'அவள் கண்களில் நீதியின் சுடர்—'

[கண்ணாடி போட்டிருந்தாள். மண்டபத்து டியூப்லைட்தான் தெரிந்தது.]

சரி, சும்மாவே சொல்கிறேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சொந்தத்தில் ஒரு சட்டத்தரணியும் இல்லை. போட்டியில் வெல்பவரைப் பெயர்பெற்ற ஒரு மூத்த சட்டத்தரணி தன்னிடம் இளையவராகச் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எதிர்த்தரப்பில் வாதாடிய றமேஷுக்கு அந்த இடம் தேவையே இல்லை. அவனுக்கு மாமா இருக்கிறார். லவினாவுக்கு இந்தப் போட்டிதான் மாமா.

4

"வேறு எதையாவது கண்டீர்களா?" என்று லவினா கேட்டாள்.

'இல்லை' என்று சொல்லிவிட்டு இறங்கவேண்டியதுதான் என் வேலை. ஆனால் மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் புத்தக வெளியீட்டுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை.

"ஓம் மிஸ். சாரதி ரெண்டு கையாலயும் தோடம்பழம் உரிச்சுக்கொண்டு வந்தவர்."

சபை சிரித்தது. நீதவானாக இருந்த ஐயா தலையாட்டிக்கொண்டே எழுதினார். றமேஷ் தன் தாள்களுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். சாரதியைக் குற்றவாளியாக்குவதுதான் லவினா தரப்பின் வேலை. ஆகவே நான் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

(போட்டி விதி: சாட்சி தாளைத் தாண்டிக் கதைத்தால், அவரை அழைத்த அணிக்குப் புள்ளி வெட்டு. இதை நான் அறிந்தது பிறகு. அவள் அறிந்திருந்தது அப்போதே.)

லவினா என்னைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கௌரவ நீதவான் அவர்களே, என் சாட்சி இப்போது சொன்னது அவருடைய வாக்குமூலத்தில் இல்லை. அதை நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன்."

நீக்கினார்கள். புள்ளியையும் வெட்டினார்கள். றமேஷ் வென்றான்.

5

அன்றிலிருந்து என்னால் ஒரு கதிரையில் இருக்க முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழும்பிப் போய்க் கடலைப் பார்க்கிறேன், திரும்பி வந்து அந்த வரியை வெட்டுகிறேன்.

என்னாலா தோற்றாள் என்று அவளுடைய அணியில் வாதாடிய மிதுஷனைக் கேட்டேன். "விடுங்கோ அங்கிள், எங்களிலயும் பிழை இருக்கு." பத்மாவதி மிஸ்ஸைக் கேட்டேன். "எல்லாம் அனுபவம்தானே," என்று லிஃப்ட் பொத்தானிடம் சொன்னார். லவினாவுக்கே வாட்ஸ்அப் போட்டேன். கும்பிடும் கை ஒன்று வந்தது. அது மன்னிப்பா, 'ஆளை விடுங்கோ'வா?

சட்டம் படித்தவர்களிடம் நேராகப் பதில் வாங்குவது—

[முடிக்கமாட்டேன். தொடர்மாடியில் குடியிருக்க வேண்டும்.]

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவளுடைய நேர்மையைக் கேள்விப்பட்ட மூத்த சட்டத்தரணி, அவளையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார். [நடக்கவில்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உடனே சந்தேகம் வந்துவிட்டது.]

ஆ) காலம் போகிறது. அவள் நீதிபதி, கூண்டில் நான். [என்ன வழக்கு? யோசிக்க யோசிக்கக் கனக்க வழக்குகள் வந்தன.]

இ) வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். [இது பஞ்சி. வெறும் சோம்பல்.]

எதை எழுதினாலும் லவினா வாய்மையின் திருவுருவமாகவே வந்து நின்றாள். அப்படி ஒருத்தி கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறுவாள் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. நேரே போய்ப் பார்ப்பது என்று வெளிக்கிட்டேன்.

7

பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். கையில் கறுப்புக் கோட்.

"அங்கிள்! இங்க என்ன செய்யிறீங்கள்?"

"உம்மை வச்சு ஒரு கதை எழுதுறன், பிள்ளை. முடிவு வருதில்லை. அதான் கேட்பம் எண்டு."

"அண்டைக்குத் தோடம்பழத்தை என்னைக் கேட்டோ சொன்னனீங்கள்?"

பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"சரி. நேரா சொல்லும். என்னாலதானே தோத்தனீர்?"

"ஓம்."

அவ்வளவுதான். 'பரவாயில்லை' இல்லை, 'அனுபவம்' இல்லை. வலித்தது, ஆனாலும் அன்றைக்குப் பிறகு முதன்முதலாக என் கால்கள் ஓரிடத்தில் நின்றன. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் கேட்டேன்.

"அது தாளில இல்லை எண்டு அந்த நேரம் ஒருத்தரும் கவனிக்கேல்லையே. பேசாம விட்டிருக்கலாம். அப்ப எழும்பிச் சொன்னது... நேர்மைதானே?"

அவள் சிரித்தாள். பஸ் வந்து நின்றது. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் கால்வைத்தாள்.

"ரெண்டு கையையும் விட்டுட்டு ஆராவது திறீவீல் ஓடுவானோ அங்கிள்? றமேஷ் குறுக்கு விசாரணைக்கு எழும்பின உடன அதைத்தான் பிடிச்சிருப்பான். கொஞ்சம் நம்புற மாதிரிப் பொய் சொல்லியிருந்தீங்கள் எண்டா, நான் வாயே திறந்திருக்கமாட்டன்."