ஏரிக்குள் இறங்கிய விமானம்

ஆதிமூலம் கட்டிய வரவேற்பு வளைவு சின்னதல்ல. மந்திரி காருக்குக் கட்டுவதைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். சவுக்குக் கம்பங்கள், வாழைமரம், மாவிலைத் தோரணம். பின்னே, எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடியில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து வறண்ட ஏரிக்குள் இறங்கப்போகும் வேர்க்கடலைக்கு மருந்து தெளிக்கிற விமானத்தை ஓட்டி வருவது அவருடைய மகள் ரேணுகாம்பாள் அல்லவா!

நட்ட இடம்தான் வம்பு. ஏரிக்குள் சமன்செய்திருந்த ஓடுபாதையின் தலைமாட்டிலேயே நட்டுவிட்டார்.

விமானம் மலைப்பக்கமிருந்து தாழ்ந்து வந்தது. வளைவைக் கண்டதும் எகிறியது. பாதி தூரம் போயும் சக்கரம் மண்ணைத் தொடவில்லை. உறுமிக்கொண்டு ஏரிக்கரைக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

“என்னா மாமா, உங்க பொண்ணு மேலயே கிரிவலம் சுத்துதா?” என்றான் மைத்துனன் சகாதேவன். கூட்டம் சிரித்தது.

அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கிய விவசாய அதிகாரி உமாமகேஸ்வரன் தலையில் கைவைத்தார். “யாருய்யா இதை நட்டது? பாதையே நீளம் கம்மி. இதைத் தாண்டி இறங்கினா கரையில போய் முட்டும். அந்தப் பக்கத்துலேர்ந்து வரலாம்னா கரை விடாது. இறங்க முடியலைன்னா விமானம் வேற தாலுகாவுக்குப் போயிடும். உங்க மல்லாட்டையைக் கம்பளிப்புழுதான் அறுவடை பண்ணும்!”

ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டினார். “புடிடா சகாதேவா!” என்று ஓடினார். தோரணத்தை அறுத்தார்கள். கம்பங்களோ அசையவில்லை. ஆழக் குழிதோண்டிக் கல் போட்டு இறுக்கியிருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“திரும்பி வருது, ஒதுங்குங்க!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இந்த முறை உயரமாகவே வந்தது விமானம். ஓர் இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை மறுபக்கம் திருப்பி, நண்டுபோலப் பக்கவாட்டில் சரிந்தது.

“ஐயோ, எம் பொண்ணு!” என்று அலறினாள் மனைவி ராணியம்மாள். ஆதிமூலத்துக்குக் கண்ணை மூடவும் தோன்றவில்லை. கம்பங்களின் தலையைத் தாண்டியும் அது சரிந்தபடியே மடமடவென்று இறங்கியது. தரையை நெருங்கியபோது சட்டென்று நிமிர்ந்தது. சக்கரம் தொட்டது. புழுதி எழும்பியது. கரைக்கு முன்னால், இன்னும் இரண்டு மாட்டுவண்டி நிறுத்த இடமிருக்க, விமானம் நின்றது.

“வேணும்னேதான்யா சாய்ச்சாங்க!” உமாமகேஸ்வரன் கத்தினார். “அப்படிச் சரிச்சா வேகம் ஏறாம உயரம் மட்டும் குறையும். என்னா கை அது! மருந்து டிரம்மை இறக்குங்கப்பா, விமானம் இனி இங்கதான்!”

ரேணுகாம்பாள் குதித்து இறங்கினாள். “யாருப்பா கம்பம் நட்டது?”

“நான்தான் பாப்பா.”

“நல்லா நட்ட போ! உடனே அறுத்துப் போடச் சொல்லு. காத்து ஜாஸ்தியாகறதுக்குள்ள தெளிக்கணும்.”

கூட்டம் விமானத்தை மொய்த்தது. சகாதேவன் இறக்கையைத் தடவிப் பார்த்தான்.

“டேய், கையை எடுடா!” ஆதிமூலத்தின் குரல் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. “எல்லாரும் ஒதுங்குங்க! பைலட்டம்மா கெளம்பணும்!”