மறைத்த வயிறும் திரும்பிய மீனும்

எங்கள் குடும்பம் மீன் அழைக்கும் குடும்பம். என் தந்தையும் அவருக்கு முன்னால் ஏழு தலைமுறையும் இந்தக் கரையில் நின்று சங்கு ஊதி, அழைப்புச் சொல்லை ஓதி அழைத்தார்கள். பவளத்திட்டின் வாய் வழியாகக் கானாங்கெளுத்தி கூட்டமாக உள்ளே வந்தது. நைபுகா அழைக்கிறான் என்றால் அடுப்பை மூட்டிவிடலாம் என்பார்கள் ஊரில். நான்தான் நைபுகா. ஆகவே, புதிய தேவாலயத்தின் திறப்பு விருந்துக்காகத் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நான் அழைத்தபோது, மீன் திட்டின் வாய்வரை வந்து திரும்பிப் போனதற்கு நான் காரணமாக இருக்க முடியாது.

கரையில் செமிசி நின்றிருந்தான். என் தாய்மாமன் மகன். எங்களில் மச்சான் எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. அந்த வழக்கத்தை அவன் முழுதாகப் பயன்படுத்திக்கொள்வான்.

"என்ன மச்சான், மீனுக்கெல்லாம் இன்னிக்கு லீவா?"

"போடா."

"என் படகுல மெஷின் இருக்கு. மீன் எங்க இருக்குன்னு படம் போட்டுக் காட்டும். சங்கும் வேணாம், விரதமும் வேணாம்."

"எங்க இருக்குன்னு காட்டும். வான்னு கூப்பிடுமா?"

"அதுவும் கூப்பிடல, நீ கூப்பிட்டும் வரல. ரெண்டும் ஒண்ணுதான்."

ஊர்த் தலைவர் கேலி பேசவில்லை. வியாழக்கிழமையும் மீன் வராவிட்டால் விருந்து மீன் செமிசியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். விருந்துக்கு மீன் அழைக்கும் உரிமை ஒருமுறை எங்கள் வீட்டை விட்டுப் போனால் பிறகு திரும்பி வராது.

வாய்வரை வந்த மீன் திரும்புவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. ஊரில் யாரோ ஒரு பெண் பிள்ளையுண்டாகி, அதைச் சொல்லாமல் மறைக்கிறாள். மறைத்த வயிறு இருக்கும் கரைக்குக் கடல் எதையும் அனுப்பாது. அதனால்தான் அழைப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. புதன்கிழமை காலை துவைத்த சட்டையும் சுலு வேட்டியும் உடுத்தி, வீடு வீடாகப் போய்க் கேட்டேன். இருபத்து மூன்று வீடுகள்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு," என்றாள் விதவை மெலானியா. "அப்படி ஏதாவது இருந்திருந்தா, கானாங்கெளுத்தி என்ன, திமிங்கிலமே வேடிக்கை பாக்க வந்திருக்கும்."

மருந்தக நர்ஸ் இன்னும் மோசம். "ஆஸ்பத்திரி நோட்டை உங்க கடலுக்கெல்லாம் திறந்து காட்ட முடியாது, பெரியவரே."

மாலையில் களைத்து வீடு திரும்பினேன். என் மனைவி கண் சிகிச்சைக்காகத் தலைநகர் சுவாவில் இருந்தாள்; மகன் அபெனிசா கப்பல் வேலையில். வீட்டில் மருமகள் உனைசி மட்டும். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கமில்லை. இடையில் ஆள் வேண்டும். அன்று இடையில் இருந்தது பூனை மட்டுமே.

"பூனையே," என்றாள் உனைசி, மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே. "எனக்கு ஒன்பது வாரம். போன தடவை எட்டாவது வாரமே ஊரெல்லாம் சொன்னேன். பிள்ளைக்குன்னு பாய் முடைஞ்சு கொண்டுவந்து குமிச்சாங்க. பத்தாவது வாரம் கலைஞ்சு போயிடுச்சு. அதே ஆளுங்க மறுபடி வரிசையா அழ வந்தாங்க. இன்னொரு தடவை என்னால முடியாது. பன்னிரண்டு வாரம் முடியட்டும்னு சுவா டாக்டரம்மாவும் சொல்லியிருக்காங்க. நீயும் சொல்லிடாத."

இருபத்து மூன்று வீடுகளில் தேடிய வயிறு இருபத்து நான்காவது வீட்டில் இருந்தது. என் வீட்டில்.

நானும் பூனையின் பக்கம் திரும்பினேன். "பூனையே, இனிமே விறகுக்கட்டு தூக்காத," என்றேன். பூனை என்னை ஏறிட்டுப் பார்த்தது.

ஊரிடம் சொன்னால் மீன் வரும், உரிமை நிலைக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பயத்தைக் கொடுத்து வாங்கும் மானம், மானமாகாது. மன்னிப்புக் கேட்பவர்கள் கொண்டுபோகும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்குப் போனேன். எல்லாரும் யங்கோனா கரைத்த பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேரை நடுவில் வைத்து மண்டியிட்டேன்.

"அழைப்புச் சொல்லுல நான்தான் ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேன். வீடு வீடா வந்து கேட்டதுக்கு எல்லாரும் மன்னிச்சுக்கணும். விருந்து மீனை செமிசி கொண்டுவரட்டும்."

செமிசியின் கையில் இருந்த சிரட்டை வாய்க்குப் போகாமல் நின்றது. அவன்கூடச் சிரிக்கவில்லை.

மெலானியா கண்ணைச் சுருக்கினாள். "யாரு, நைபுகாவா? தப்பா? சின்ன வயசுல கிணத்துல விழுந்தப்பவே, கிணறுதான் தப்பான எடத்துல இருக்குன்னு சொன்ன ஆளு இவன்! இவன் தப்பை ஒத்துக்கிறான்னா யாருக்காகவோ பொய் சொல்றான்."

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போன தடவை அழப் போனவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் மெலானியா.

"எங்களுக்கும் தெரியாது," என்றார்கள் மற்றவர்கள்.

"நாளையிலிருந்து நைபுகா வீட்டுக்கு விறகு நான் போடுறேன்," என்றாள் போதகரின் மனைவி. "சும்மாதான்."

செமிசி தலையைச் சொறிந்தான். "மச்சான், ஒரு சந்தேகம். ஊருக்கே தெரிஞ்சு, யாரும் வாயைத் திறக்கலன்னா, அது மறைச்சதா, மறைக்காததா?"

முன்னோர் யாரும் இதற்குத் தீர்ப்புச் சொன்னதில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"மறைக்கிறதுன்னா ஒருத்தி தனியாச் சுமக்கிறது. இது அப்படியில்ல."

"அப்ப நாளைக்கு ஊது," என்றான். "என் படகு எங்கயும் போகாது."

வியாழக்கிழமை விடிந்ததும் இடுப்பளவு நீரில் நின்று ஊதினேன். கரையில் ஊரே திரண்டிருந்தது. திட்டின் வாயில் நீர் கறுத்தது. கறுப்பு நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு அது அசைந்து, அகன்று, பளபளத்துக்கொண்டு உள்ளே வந்தது.

ஊரே கூச்சலிட்டு வலையோடு இறங்கியது. உனைசியும் வந்து வலையின் ஓரத்தைப் பிடித்தாள். உடனே நான்கு பெண்கள் அவளைச் சூழ்ந்து, பாரத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"நீ சும்மா தொட்டுக்கிட்டு நில்லு," என்றாள் மெலானியா.

"ஏன்?"

"வெயிலா இருக்கு."

சூரியன் இன்னும் தென்னைக்கு மேலே ஏறவில்லை. உனைசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் வாழ்த்தவில்லை, யாரும் கேட்கவில்லை. அவள் கண் கலங்கியது, தோள் தளர்ந்தது. பிறகு நேராக என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, சொல்லிட்டீங்களா?"

"இல்ல. தப்பு பண்ணிட்டேன்னு மட்டும்தான் சொன்னேன்."

"நீங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாமனார் எதிரில் மருமகள் அப்படிச் சிரிக்கக் கூடாது. நான் கண்டிக்கவில்லை. என் கையிலிருந்த வலை அவ்வளவு கனம்.