லூர்தெஸ் ஏறிய படகு

மாரிவிக், இலோய்லோ நகர வானொலியில் சாவு அறிவிப்பு எழுதுகிறவள். காலையில் ஆட்கள் வந்து, இறந்தவர் பெயர், வயது, எந்தக் கோயிலில் பூசை, யார் யாரை விட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லி மூக்கைச் சிந்துவதற்குள் அவள் எழுதி முடித்திருப்பாள். ஊரார் சாவுக்கு ஓடுகிற கை, சொந்தக் கதைக்கு மட்டும் விறைத்துப்போகும்.

முன்பு அப்படி இல்லை. அவளுடைய தொடர்கதை வார இதழில் வந்துகொண்டிருந்தபோது, ஜீப்னி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று முழங்கையால் இடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் பழங்கதை. இப்போது அதே இதழின் ஆசிரியர் துபாஸ் இன்னொரு தொடர் கேட்டிருந்தார். அவளும் ஆசையாக ஒப்புக்கொண்டு, லூர்தெஸ் என்று ஒருத்தியை உண்டாக்கி, புருஷனை விட்டுவிட்டு பாகோலோட் போகிற படகில் ஏற்றிவிட்டாள். அதோடு சரி. மழைக்காலம் வந்து போனது. லூர்தெஸ் இன்னும் படகில்தான் இருந்தாள்.

மாரிவிக் செய்து பார்க்காத வித்தை இல்லை. விடியுமுன் எழுந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். போனைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே போய்க் கெஞ்சி வாங்கி வந்தாள். எழுதாத நாளில் காபி வாங்கித் தருவதாக வானொலித் தோழி ஒருத்தியிடம் பந்தயம் கட்டினாள். அந்தத் தோழி நல்லவள். காபியைக் குடித்துவிட்டு, பரவாயில்லை, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தினமும் ஆறுதல் சொன்னாள். ஹாரோ கோயிலில் மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றியாயிற்று. கடைசியில் ஒரு நாள் வெறுத்துப்போய், இருந்த பக்கங்களை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தினாள். சாம்பலைக் கூட்டும்போது, இனிமேல் நான் எழுதுகிறவள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை.

வீட்டில் அவளும் அண்ணன் தூலோவும்தான். தங்கையை அவர் இண்டாய் என்பார், அண்ணனை அவள் மானோங் என்பாள். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு கரையோடு நின்றுவிட்டார். வாரத்தில் இரண்டு மதியம் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், முடியும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் காத்திருப்பது அவள் பாடு. பொழுது போகாமல் ஒரு நாள் அவர் கேட்டார், லூர்தெஸ் கதை எந்த மட்டில் இருக்கிறது என்று. எரித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. நன்றாகப் போகிறது, தினமும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் படி என்றார்.

அவள் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். படகில் லூர்தெஸுக்குப் பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு கிழவன் வந்து உட்கார்ந்தான். கடல் கொந்தளித்தது. கோழி ஒன்று கூடையை விட்டுத் தப்பியது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் படுத்துக் கேட்டார். மாரிவிக்குக்கே அடுத்து என்ன வரும் என்று தெரியாது; ஆனாலும் வந்துகொண்டிருந்தது.

தூலோ கண்ணைத் திறந்து அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"போன்ல சார்ஜ் போயி எவ்ளோ நேரமாச்சு, இண்டாய்? நீ இன்னும் படிச்சிட்டே இருக்க."

திரை கறுப்பாக இருந்தது. அவள் போனை மடியில் வைத்தாள். எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தபோது குரல் உடைந்துவிட்டது. தாதி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"மனசு வரலை மானோங்," என்றாள். "உக்காந்தாலே நெஞ்சு படபடங்குது. யாருக்காக எழுதணும்னு தோணுது."

"நான் என்ன மனசு வந்தா இங்க வர்றேன்?" ரத்தம் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவர் தாடையால் காட்டினார். "வராட்டி செத்துருவேன். அதான் வர்றேன்."

"எழுதாட்டி நான் சாக மாட்டேனே. அதான் என் கஷ்டமே."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அடுத்த முறை அவள் காகிதம் கொண்டுபோனாள். இந்தத் தடவை நிஜமாகவே எழுதியதைத்தான் படிக்கவேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணயரும் நேரத்தில் எழுதுவாள், விழித்ததும் படிப்பாள். அவர் குற்றம் கண்டுபிடிப்பார். உன் கதையில் எல்லோருக்கும் பேச்சு அதிகம், எவனுக்கும் பசிப்பதே இல்லை என்பார். லூர்தெஸ் பாகோலோட் துறையில் இறங்கினாள், அறை பிடித்தாள், வேலை தேடினாள். எரித்ததையும் மறுபடி எழுதிச் சேர்த்ததும், துபாஸுக்கு முதல் அத்தியாயங்கள் போயின. தப்பித்துவிட்டோம் என்று மாரிவிக் நினைத்தாள். இனி நோய் அண்ணனுக்கு, மருந்து எனக்கு என்று மனசுக்குள் ஒரு சிரிப்புகூட வந்தது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள்.

பிறகு தூலோவுக்கு உடம்பு கெட்டது. இயந்திரத்தில் போட்டதும் குமட்டும். கால் நரம்பு சுண்டி இழுக்கும். ஒரு மதியம் அவள் காகிதத்தைப் பிரித்தபோது கையால் தடுத்தார்.

"வேணாம், இண்டாய். இனிமே எனக்குக் கதை வேணாம். கேக்கக் கேக்கக் கொமட்டுது."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவுமே. கோவிச்சுக்காத. எனக்குச் சும்மா கெடக்கணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காகிதத்தை மடியில் வைத்தபடி அவர் கட்டிலை விட்டு இறங்கும் நேரம்வரை ஒரு எழுத்தும் எழுதவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். கேட்பதற்கு இருந்த ஒரே ஒரு காதும் மூடிக்கொண்டது. துபாஸ் போன் செய்தபோது எடுக்கவில்லை. அடுத்த அத்தியாயம் வராவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க நேரும் என்று அவர் செய்தி அனுப்பினார். வருத்தத்தோடுதான் அனுப்பியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் மீன் கழுவப் போனாள். கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் மதியம், ஏன் என்று தெரியாமலே அவள் ஜீப்னி ஏறி மருத்துவமனைக்குப் போனாள். வாயிற்காவலருக்கு அவள் முகம் பழக்கம், ஒன்றும் கேட்கவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே வேறு யார் யாருடைய ரத்தமோ சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு வாக்கியம் எழுதினாள். மோசமான வாக்கியம். அதை அடிக்காமல் கீழே இன்னொன்று எழுதினாள். அதுவும் மோசம். பக்கம் நிறைந்தபோது சந்தோஷம் வரவில்லை. பயமும் போகவில்லை. கை மட்டும் வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது தூலோ நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"எங்க போன?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நான் இங்க இருக்கேன். அங்க எவனைப் பாக்கப் போன?"

"எழுதப் போனேன்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாளைக்கும் போவியா?"

"தெரியல மானோங்," என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. அவருக்கு உப்பில்லாக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, தன் தட்டோடு எதிரில் உட்கார்ந்தாள். அவர் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிர்பார்த்தாள்.

மறுநாள் போக அவளுக்கு விருப்பமே இல்லை. ஜீப்னியில் பாதி வழியில் இறங்கிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தாள். போய்ச் சேர்ந்தபோது பெஞ்சு முழுக்க ஒரு குடும்பம் பைகளோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் இருந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். அவர்களை நகரச் சொல்ல மனமில்லாமல், மாரிவிக் காகிதத்தைச் சுவரில் வைத்து நின்றபடியே எழுதத் தொடங்கினாள்.