நெடுவலின் கால்

மியோத்ராக் பல வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடியவன். அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் மொராவா ஆற்றங்கரையில் உள்ள அவனுடைய சிறு பட்டணத்தில் தொடங்குவார்கள். பிறகு பெல்கிரேட், பிறகு கிரேக்கம் என்று வரிசையாகப் போவார்கள். எண்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில், யாழ்ப்பாணத்துப் பெடியளின் கரப்பந்து அணிக்காக அவன் விளையாடினான் என்பதை ஒருவரும் எழுதியதில்லை. அந்த அணியின் தலைவர் என் புருசன் நித்தியானந்தன். அன்று நடந்ததில் பாதி அவருக்கே தெரியாது. அவனுடைய தாய் லுபிங்காவும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே நான் எழுதலாம்.

அந்த ஷ்லீரனும் இப்போது இல்லை. நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடி பல்கனி வைத்த மாடிகள் கட்டிவிட்டார்கள். எப்படியும் இடிக்கப்போகிற வீடு என்பதால்தான் அன்று எங்களைப் போன்றவர்களுக்கு அதை வாடகைக்குத் தந்தார்கள். கீழ்த்தட்டில் நானும் இவரும் இன்னும் ஐந்து பெடியளும். இரண்டாம் மாடியில் லுபிங்கா. படிக்கட்டில் எங்கள் கறி மணமும் அவள் சுடுகிற சிவப்பு மிளகாயின் மணமும் எந்நேரமும் சண்டை பிடிக்கும். ரயில் போனால் அலுமாரியில் கோப்பைகள் ஆடும். குளிர், அகதி வழக்கு, ஊரில் யுத்தம், எல்லாம் இருந்தன. இருந்தும் அந்த வீட்டில் நான் சிரித்த சிரிப்பைப் பிறகு வாங்கிய சொந்த வீட்டில் சிரிக்கவில்லை. சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

லுபிங்கா யூகோஸ்லாவியாக்காரி, சேர்பிய இனம். பின்னேரங்களில் நானும் அவளும் ஒரே அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தோம். எங்களுக்குள் பாஷை டொச், அதாவது ஜெர்மன், இரண்டு பேருக்கும் அரைகுறை. திருத்துவதற்கு யாரும் பக்கத்தில் இல்லாததால் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். அவளும் மகனும் சொன்னவற்றை என் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு விதமாக எனக்கு எழுதத் தெரியாது. புருசன் செத்த பிறகு எட்டு வயது மகனை மச்சாளிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் அவள். வருடத்தில் நான்கு கிழமை லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நானும் என் மகள் சுமித்ராவை மூன்று வயதில் ஊரில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு இருவரும் பிள்ளைகளைப் பற்றியே கதைப்போம். எங்கள் சிநேகிதம் அப்படி வந்ததுதான்.

அந்தக் கோடையில் மகன் மியோத்ராக் வந்தான். பத்தொன்பது வயது. எங்கள் கதவு நிலையில் தலை இடிபடாமல் அவன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. பெடியள் முதல் நாளே 'நெடுவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெட்டையனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவனுடைய ஊர்க் கழகத்தில் இளைஞர் அணியில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவன். வளர்ந்த பிள்ளையைத் தாய் கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவனாக மூன்று மாதம் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு கழகம் சம்பளம் பேசி எடுத்தால் விசா கிடைக்கும். லுபிங்கா யார் யாருடைய காலையோ பிடித்து, நொஷாட்டலில் ஒரு கழகம் அவனை விளையாட விட்டுப் பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தாள். அது ஒரு திங்கட்கிழமை. மூன்று மாதம் முடிவது அதற்கடுத்த புதன்கிழமை. திங்கள் எடுபட்டால் மகன் அவளோடு ஒரே நாட்டில் இருப்பான். இல்லாவிட்டால் புதன் ரயில் ஏறவேண்டியதுதான். பதினொரு வருடம் அவள் மற்றவர்களின் தரையைத் துடைத்தது அந்த ஒரு திங்களுக்காக.

இந்த நிலையில் அதற்கு முந்திய சனிக்கிழமை என் மனுசன் என்ன செய்தார்?

இவருக்குக் கரப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஷ்லீரனில் உள்ள விளையாட்டுச் சங்கம் வருடா வருடம் ஒரு பொழுதுபோக்குப் போட்டி வைக்கும். முதல் பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. எங்கள் அணியில் பாதிப் பேர் மச்சமாமிசம் வாயில் வைக்காதவர்கள். இருந்தும் அந்தத் தொடைக்காக உயிரை விட்டு விளையாடி ஒவ்வொரு வருடமும் தோற்றார்கள். வலைக்கு மேலே கை போகாதது ஒன்றுதான் குறை. "ஒரே ஒரு உயரமான ஆள் எங்களிட்டை இருந்தால்" என்று இவர் பெருமூச்சு விட்ட நேரத்தில், அந்த உயரமான ஆள் எங்கள் குசினியில் இருந்து தோசை தின்றுகொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, அவனுக்குத் திங்கக்கிழமை அலுவல் கிடக்கு. தாய் அறிஞ்சால் எங்களைக் கொல்லுவாள்" என்றேன்.

"ஒரு மணித்தியாலம் அப்பா. வலைக்குக் கிட்ட சும்மா நிண்டால் காணும். அவன் கையைத் தூக்கினாலே பந்து திரும்பிப் போயிடும்" என்றார்.

நெடுவலிடம் கேட்டார்கள். அவன் "ஓம்" என்று தமிழிலேயே சொன்னான். பெடியள் அவனுக்குப் பழக்கிய தமிழில் வெளியே சொல்லக்கூடியது அந்த ஒரு சொல்தான்.

அவன் விளையாடியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடைப்பந்துக்காரன் அல்லவா, பந்து வந்தால் கை தானாகவே பிடித்துவிடும். கரப்பந்தில் பந்தைப் பிடித்தால் பிழை. நடுவர் விசில் ஊதுவார். "தட்டடா, தட்டு" என்று பெடியள் கத்துவார்கள். அவன் பந்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பான். இரண்டாவது ஆட்டத்தில்தான் சங்கதி பிடிபட்டது. அதன்பிறகு வலைக்கு மேலாக எதிர்ப் பக்கத்தாரின் பந்து ஒன்றுகூட வரவில்லை. சுவிஸ்காரரே எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். தாயின் வீட்டில் மரியாதையாக இருப்பான், இப்படிச் சிரிக்கமாட்டான்.

அரையிறுதியில் உயர எழும்பியவன் இறங்கும்போது தயாபரனின் சப்பாத்தின் மேல் இறங்கினான். எங்கள் அணியிலேயே பெரிய பாதம் தயாபரனுக்குத்தான். நெடுவலின் இடது கணுக்கால் மடங்கிவிட்டது. பெடியள் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் கால் மாங்காயளவு வீங்கிவிட்டது. பன்றித்தொடையும் போயிற்று.

லுபிங்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இவர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரை ஒரு கதிரையைத் தாண்டுவதுபோல் தாண்டிப்போய், மகனின் காலில் கோவா, அதாவது முட்டைக்கோஸ் இலையைச் சுற்றி, அவர்கள் ஊர்ச் சாராயத்தை ஊற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அவங்கள் ஆம்பிளையள், அவங்களுக்கு விளங்காது. உனக்கும் ஒரு பிள்ளை அங்கை இருக்கு. நீயாவது மறிச்சிருக்கலாம்" என்றாள்.

எனக்கு நெஞ்சில் சுட்டது. ஆனாலும் சும்மா இருப்பேனா? புளியும் உப்பும் காய்ச்சிச் சூட்டோடு எடுத்துக்கொண்டு மேலே போனேன். எங்கள் பக்கத்தில் சுளுக்குக்குப் புளிப்பற்றுப் போடாத வீடே கிடையாது. அவள் கோவா இலையில் கைவைக்க விடமாட்டேன் என்றாள். "சாராயம் வயித்துக்கு, காலுக்கில்லை" என்றேன். "புளி குழம்புக்கு" என்றாள். கடைசியில், பகலில் அவளுடைய கோவா, இரவில் என்னுடைய புளி என்று ஒப்பந்தமாயிற்று. நெடுவல் கட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு ஊறுகாய்போல் கிடந்தான். அந்த ஒப்பந்தத்துக்கு மேலே அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பகலில் அவளுக்கு ஒரு சலவைத் தொழிற்சாலையிலும் வேலை இருந்தது. திங்களுக்கு லீவு கேட்டாள், கொடுக்கவில்லை. விடிய எழுந்து கீழே வந்து எங்கள் கதவைத் தட்டினாள்.

"நீங்கள் உடைச்ச கால். நீயே கொண்டுபோ, நீயே திருப்பிக் கொண்டுவா" என்று மகனை என்னிடம் ஒப்படைத்தாள்.

ரயிலில் பீல் ஏரி யன்னலில் தெரியத் தொடங்கியபோது நான் அவன் காலை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். காய்ந்த பற்றைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். வீக்கம் இருந்த இடமே தெரியவில்லை. அமர்த்திப் பார்த்தேன்.

"நோகுதோ?"

"இல்லை."

எழுந்து நுனிக்காலில் நின்று காட்டினான். நொஷாட்டல் ஸ்டேசனில் படிகளை இரண்டிரண்டாக இறங்கிப் போனான். நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் கோவா இலைக்கும் சொல்லியிருக்கவேண்டும்.

விளையாட்டு மண்டபத்தில் பயிற்றுநரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். நான் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் கைப்பையை அணைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் நின்ற இடத்திலிருந்து எறியச் சொன்னார்கள். எறிந்தான். ஒன்று, இன்னொன்று, எல்லாம் கூடைக்குள். பயிற்றுநர் பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லுபிங்கா இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது. அடுத்து ஓடச் சொன்னார்கள். இரண்டு முறை ஓடினான். மூன்றாவது முறை முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டி, தரையில் குந்தி, இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டான்.

நான் பதறி எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவன் பிடித்துக்கொண்டிருந்தது வலது கால். இரண்டு இரவு நான் மடியில் வைத்துப் பற்றுப் போட்டது இடது காலுக்கு.

பயிற்றுநர் அவன் தோளில் தட்டி ஏதோ ஆறுதலாகச் சொன்னார். கையை விரித்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிட்டது.

அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வாங்கில் அவனை இருத்தினேன்.

"எந்தக் கால் நோகுது? சொல்லு பாப்பம்."

அவன் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"அம்மாவுக்குச் சொல்லாதை, மலர்."

"ஏன்டா இப்பிடிச் செய்தனி?"

"ஊரிலை இந்த வருசம் என்னைப் பெரிய அணியிலை போடப்போகினம். இப்ப சம்பளம் இல்லைத்தான். எண்டாலும் அது என்ரை இடம். என்ரை ஆக்கள் எல்லாரும் அங்கை."

"உன்ரை அம்மா இஞ்சை எல்லோ இருக்கிறா."

"அம்மாவை எனக்குத் தெரியாது, மலர். வருசத்திலை நாலு கிழமை. அவ இப்பவும் எட்டு வயசுப் பிள்ளைக்குத்தான் சமைக்கிறா. ஒவ்வொரு நாளும் காலமை பால் சுடவைச்சுத் தாறா. எனக்குப் பால் பிடிக்காது. அதைச் சொன்னால் அழுவா எண்டு குடிக்கிறன். நான் நிக்கமாட்டன், போகப்போறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? கால் எண்டால் ஒருத்தரிலையும் குற்றமில்லை."

"ஒருத்தரிலையும் இல்லையோ? அது எங்கடை தலையிலை எல்லோ விழுகுது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம்" என்றான்.

அறையத்தான் கை எழுந்தது. இருந்த நிலையிலும் அவன் கன்னம் எனக்கு எட்டாத உயரம், அது வேறு கதை. ஆனால் எனக்குக் கோபம் நிலைக்கவில்லை. சுமித்ராவுக்கு மூன்று வயதில் பால் பிடிக்கும். இப்போது பிடிக்குமோ, எனக்குத் தெரியாது. அதை நினைத்ததும் அந்த ஏரிக்கரையில், அந்த நெட்டைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, நான்தான் முதலில் அழுதேன். அவன் பயந்துபோய் எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வந்தான்.

"ஓட ஏலாமல் போச்சு" என்று மட்டும் லுபிங்காவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. திரும்பத் திரும்ப மாடிப்படி ஏறி மன்னிப்புக் கேட்டார். இனிப் பந்தைத் தொடமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினார். ஒரே ஒரு சொல் சொன்னால் இவருடைய பழி தீரும், என் சிநேகிதி எனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல் என்ன? உன் மகன் உன்னோடு இருக்க விரும்பவில்லை என்பதுதானே? அதை நான் எந்த வாயால் சொல்வேன்? இவருக்கும் சொல்லவில்லை, இவர் வயிற்றில் எதுவும் தங்காது.

புதன்கிழமை சூரிச் ஸ்டேசனுக்கு நானும் போனேன். அவள் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெல்கிரேட் ரயில் ஏற்கெனவே வந்து நின்றது. நெடுவல் குனிந்து தாயைக் கட்டிப்பிடித்தான். அவளுடைய தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். பயந்த பார்வை. பிறகு ஏறிவிட்டான்.

கதவு பூட்டிய பிறகு லுபிங்கா என் பக்கம் திரும்பினாள். மூன்று நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நீதானே பக்கத்திலை இருந்தனி. கால் நல்லா இருந்திருந்தால் எடுத்திருப்பாங்களோ?"

"ஓம்" என்றேன். "கட்டாயம் எடுத்திருப்பாங்கள். அவன் எறிஞ்சதெல்லாம் உள்ளுக்கைதான் விழுந்தது."

"அவனும் இருந்திருப்பான், என்ன?"

"இருந்திருப்பான்."

"அப்ப உங்களாலைதான்."

"ஓம், லுபிங்கா. எங்களாலைதான்."

ரயில் புறப்பட்டது. அவள் என்னைவிட்டு விலகிப்போய்த் தூரத்தில் ஒரு வாங்கில் தனியே இருந்தாள். கடைசிப் பெட்டியும் மறைந்தது. பிறகு எழுந்து திரும்பி வந்து, என் தோளில் விழுந்து, பதினொரு வருடத்தையும் சேர்த்து அழுதாள். பழி போடுவதற்கும் பிடித்துக்கொண்டு அழுவதற்கும் அவளுக்கு அந்த நாட்டில் வேறு வேறு ஆட்கள் இருக்கவில்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கடைசியில் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.