நோலீனுக்குப் பிடித்த அருவி

கல்யாணமான புதிதில், கணவன் க்ளைவின் மனம் நோகக்கூடாதே என்று, "இந்த அருவின்னா எனக்கு உசுரு" என்று நோலீன் சொல்லித் தொலைத்தாள். அன்று பிடித்தது சனி. கோடையில் ஈ மொய்க்கும், மழையில் அட்டை ஏறும், வசந்தத்தில் வாட்டில் மரங்களில் மஞ்சள் பூ பூத்தால் தும்மலே நிற்காது. ஒரு பருவம் தப்பாமல் அந்த டாஸ்மேனியக் காட்டு அருவிக்கு அவளை இழுத்துப் போய்விடுவான் க்ளைவ்.

இன்றும், நரைத்த தலையில் தூறல் விழ, பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "நம்ம சாம்பலை இங்கதான் தூவணும்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்."

"என்னோடதையுமா?"

"பின்னே? உனக்குப் பிடிச்ச இடமாச்சே!"

காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள் நோலீன். இன்று உண்மையைக் கொட்டிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"ரொம்ப சந்தோஷம், க்ளைவ்" என்றுதான் வந்தது.